சம்பள இடைவெளியும் வேலையிடப் பாகுபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பெண் என்பதால் குறைத்துக் கொடு" என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. சேரும்போது பேசிய முதல் தொகை, வேலைக்கு வைத்த கிரேடு, யாருக்கு எந்தப் படி, யாருக்கு ஓவர்டைம், பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியதும் நின்றுபோன இன்கிரிமென்ட் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. அதனால்தான் பாகுபாட்டைக் கண்டுபிடிக்கவும் நிரூபிக்கவும் கணக்கு வேண்டியிருக்கிறது. சட்டமும் புகார் செய்யும் கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். கீழே இருப்பவை எங்கே வேலை பார்த்தாலும் பயன்படும் அடிப்படைகள்.

இடைவெளியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

ஆண்களின் சராசரி மணிநேரச் சம்பளத்திலிருந்து பெண்களின் சராசரியைக் கழித்து, வந்ததை ஆண்களின் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குவது வழக்கமான முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமும் இப்படித்தான் செய்கிறது. அதன் கணக்கில் ஒன்றியத்துக்குள் இடைவெளி சமீப ஆண்டுகளில் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 20 சதவீதம் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு.

ஏன் மணிநேரக் கணக்கு? மாதச் சம்பளத்தை அப்படியே ஒப்பிட்டால், தினமும் 6 மணி நேரம் வேலை பார்த்து 75 வாங்கும் பெண்ணுக்கும் 8 மணி நேரத்துக்கு 100 வாங்கும் ஆணுக்கும் 25 சதவீத வித்தியாசம் தெரியும். மணிக்கு இருவருக்கும் 12.50தான். ஆனால் அந்தப் பெண் ஏன் 6 மணி நேரம் மட்டும் பார்க்கிறார் என்ற கேள்வியை மணிநேரக் கணக்கு மறைத்துவிடுகிறது. இரண்டு கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, சராசரியா இடைநிலை அளவா என்பது. ஐந்து ஆண்களுக்கு மணிக்கு 100, 100, 110, 120, 300. ஐந்து பெண்களுக்கு 90, 95, 100, 105, 110 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 146-க்கு 100, இடைவெளி 31.5 சதவீதம். வரிசையில் நடுவில் நிற்பவரை எடுத்தால் 110-க்கு 100. இடைவெளி 9 சதவீதம். இரண்டும் உண்மைதான். 9 என்பது சாதாரண ஊழியர்களின் நிலையைச் சொல்கிறது. மேலே 300 வாங்கும் நாற்காலியில் ஒரு பெண்கூட இல்லை என்பதை 31.5 சொல்கிறது. ஒரு நிறுவனம் ஒரே ஒரு எண்ணை மட்டும் வெளியிட்டால், மற்றதையும் கேளுங்கள்.

எங்கள் நிறுவனத்தில் ஒரே பதவிக்கு ஒரே சம்பளம்தான். அப்புறம் எப்படி இடைவெளி வரும்?

வரும். சம ஊதியம் வேறு, சம்பள இடைவெளி வேறு. ஒரே வேலை செய்யும் இருவருக்கும் ஒரே சம்பளம் தருவது சம ஊதியம். மீறினால் பல நாடுகளில் சட்டமீறல். இடைவெளி என்பது மொத்த ஆண்களையும் மொத்தப் பெண்களையும் வைத்துப் பார்ப்பது. 200 பேர் வேலை பார்க்கும் இடத்தில் சரிபாதி பெண்கள் என்றே இருக்கட்டும். அதிகச் சம்பளம் வாங்கும் மேல்கால் பகுதி 50 பேரில் 10 பெண்களும் கீழ்க்கால் பகுதி 50 பேரில் 40 பெண்களும் இருந்தால், ஒவ்வொரு படிநிலையிலும் ஒரு பைசா வித்தியாசம் இல்லாமலேயே பெரிய இடைவெளி வந்துவிடும். அதனால்தான் பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 2017 முதல் சராசரி, இடைநிலை அளவு, போனஸ் ஆகியவற்றோடு, நான்கு கால்பகுதிகளிலும் பெண்கள் எத்தனை சதவீதம் என்பதையும் வெளியிட வேண்டியிருக்கிறது. அந்த நான்கு எண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; சிக்கல் ஆள் எடுப்பதிலா, பதவி உயர்விலா என்று அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படிப்பு, அனுபவம், துறை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் இடைவெளி காணாமல் போய்விடும் என்கிறார்களே?

குறையும். காணாமல் போகாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பிரான்சின் பிளாவ், லாரன்ஸ் கான் இருவரும் 2010-ஆம் ஆண்டுத் தரவை வைத்துப் போட்ட கணக்கில், எதையும் சரிக்கட்டாதபோது சுமார் 21 சதவீதமாக இருந்த இடைவெளி, படிப்பு, அனுபவம், தொழில், துறை எல்லாம் சேர்த்த பிறகும் சுமார் 8 சதவீதமாக நின்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொழிலையும் பதவியையும் "கணக்கில் எடுப்பது" என்றால், பாகுபாட்டின் விளைவையே காரணமாகக் காட்டுவதாகிவிடலாம். பதவி உயர்வு மறுக்கப்பட்ட பெண்ணை, அவர் இப்போது இருக்கும் பதவியில் உள்ள ஆணோடு மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது. தொழில் விஷயமும் அப்படியே. அமெரிக்காவின் 1950 முதல் 2000 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவை ஆராய்ந்தவர்கள், ஒரு தொழிலுக்குள் பெண்கள் அதிகமாக வரவர அந்தத் தொழிலின் சம்பளமே இறங்குவதைக் கண்டார்கள். திறமை அதேதான், வேலையும் அதேதான்.

"சம மதிப்புள்ள வேலை" என்றால் என்ன? அதை யார் அளப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு 100-ஆவது உடன்படிக்கை "ஒரே வேலைக்கு" என்று நிறுத்தவில்லை; சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. ஆண்களும் பெண்களும் ஒரே வேலையில் இல்லாத இடங்களே அதிகம் என்பதால் இந்த ஒரு சொல்லில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது.

மதிப்பை நான்கு அளவுகோல்களால் அளப்பார்கள்: திறன், உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல். ஒவ்வொன்றையும் உட்பிரிவுகளாக்கி, ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். மொத்தப் புள்ளி அருகருகே வரும் வேலைகளுக்குச் சம்பளமும் அருகருகே இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிது, தவறு நடப்பது உட்பிரிவுகளில். உழைப்பு என்றால் மூட்டை தூக்குவதை மட்டும் எழுதுவார்கள்; படுக்கையிலிருக்கும் நோயாளியைப் புரட்டித் தூக்குவதும் எட்டு மணி நேரம் கண்ணை எடுக்காமல் நுணுக்க வேலை பார்ப்பதும் விட்டுப்போகும். பொறுப்பு என்றால் பணமும் கீழே வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கையும்தான் என்பார்கள். மருந்தின் அளவு தவறினால் ஓர் உயிர் போகும் என்பதற்குப் புள்ளி இருக்காது. சூழல் என்றால் தூசியும் வெப்பமும் சத்தமும் வரும். வாடிக்கையாளரின் வசவும் கழிவு சுத்தம் செய்வதும் வராது. பெண்கள் செய்யும் வேலையில் உள்ள திறன்களை "இயல்பிலேயே வருவது" என்று ஒதுக்கிவிடுவதால் வரும் கோளாறு இது. பட்டியல் தயாரிக்கும் குழுவில் அந்த வேலையைச் செய்கிறவர்களே பாதிப்பேராவது இருக்க வேண்டும்.

இதற்குப் பேர்போன உதாரணம், லண்டனை அடுத்த டேகன்ஹாமில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் இருக்கை உறை தைத்த பெண்களுடையது. வேலையில் சேரவே தையல் இயந்திரத்தில் தேர்வு வைத்துத்தான் எடுத்தார்கள். ஆனாலும் கிரேடு பிரித்தபோது அவர்கள் திறன் குறைந்த 'பி' பிரிவில் போடப்பட்டார்கள். அந்தப் பிரிவிலும் ஆண்களின் விகிதத்தில் 85 சதவீதம்தான். 1968 ஜூனில் 187 பெண்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். உறை இல்லாமல் இருக்கை இல்லை, இருக்கை இல்லாமல் கார் இல்லை; தொழிற்சாலையே நின்றது. முடிவில் சம்பளம் 92 சதவீதமாக உயர்ந்தது, பிரிட்டனின் 1970 சம ஊதியச் சட்டத்துக்கும் வழி பிறந்தது. ஆனால் அவர்கள் கேட்ட 'சி' கிரேடு கிடைக்கவில்லை. அதற்கு இன்னொரு வேலைநிறுத்தமும் 1984 வரை காத்திருப்பும் வேண்டியிருந்தது. சம்பளத்தை உயர்த்திக் கொடுத்துவிட்டுக் கிரேடைத் தொடாமல் விடும் பழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. பேச்சுவார்த்தையில் கிரேடை விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் இடத்தில் எல்லோருமே பெண்கள். யாரோடு ஒப்பிடுவது?

சில நாடுகளில் அதே முதலாளியிடம் வேலை பார்க்கும் ஆண் ஒருவரைக் காட்டியாக வேண்டும். சில இடங்களில், முன்பு அதே பதவியில் இருந்த ஆணையோ வேறு துறையையோ காட்டலாம். நியூசிலாந்தில் முதியோர் இல்லப் பராமரிப்பாளர் கிறிஸ்டின் பார்ட்லெட் தொடுத்த வழக்கு இதைத்தான் உடைத்தது. துறையே பெண்கள் துறை என்பதால் மொத்தச் சம்பளமும் அமுங்கிக் கிடக்கிறது, அதனால் வெளியே உள்ள வேலைகளோடு ஒப்பிட வேண்டும் என்ற வாதம் நீதிமன்றத்தில் நின்றது. 2017-இல் அரசு சுமார் 55,000 பராமரிப்பாளர்களுக்கு 200 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் ஐந்தாண்டு சம்பள உயர்வுக்கு ஒப்புக்கொண்டது.

பெண்களுக்குச் சம்பளம் பேசத் தெரியவில்லை, அதுதான் காரணம் என்பது சரியா?

பாதிகூடச் சரியில்லை. ஒரே மாதிரி பேசினாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கிடைக்கும் எதிர்வினை ஒன்றில்லை. ஹன்னா ரைலி பௌல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் மூவரும் 2007-இல் வெளியிட்ட சோதனைகளில், அதிகம் கேட்ட பெண்களோடு வேலை பார்க்க மற்றவர்கள் தயங்கினார்கள். கேட்ட ஆண்களுக்கு அந்த அளவு பாதிப்பில்லை. பேசுவதற்கு முன்பே வித்தியாசம் வருவதும் உண்டு. 2012-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கு ஒரே விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. பாதிப்பேருக்கு ஜான் என்ற பெயரில், பாதிப்பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்கு ஆண்டுக்கு 30,238 டாலர் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் ஏறக்குறைய அதையேதான் செய்தார்கள்.

அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டாம். முதல் சம்பளத்தில் விட்டது கடைசிவரை துரத்தும். ஒருவர் 100-இலும் மற்றவர் 90-இலும் தொடங்கி, இருவருக்கும் ஆண்டுக்கு அதே 8 சதவீத உயர்வு கிடைத்தால், 15 ஆண்டு கழித்து 317-க்கு 285 வரும். 10 ஆக இருந்த வித்தியாசம் 32 ஆகிவிட்டது; ஓய்வூதியமும் பணிக்கொடையும் அதிலிருந்தே கணக்கிடப்படும். பேசும்போது "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்பதைவிட, "இந்தப் பதவிக்கு நீங்கள் வைத்திருக்கும் சம்பள வரம்பு என்ன, என்னை எதை வைத்து அதில் எங்கே நிறுத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள். முடிவை நியாயப்படுத்தும் வேலை அப்போது எதிரே இருப்பவருக்குப் போகிறது.

முந்தைய வேலையில் எவ்வளவு வாங்கினேன் என்று கேட்டால்?

பழைய இடத்தில் நடந்த பாகுபாடு புதிய இடத்துக்கு மாறிவருவது இந்தக் கேள்வியால்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2018 முதல், சம்பளத்தைத் தீர்மானிப்பதற்கு முன் இதைக் கேட்பதைத் தடுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவும் தடுக்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்கக் கெடு 2026 ஜூன் 7. உங்கள் நாட்டில் தடை இல்லையென்றால், பொய்யான தொகை சொல்லாதீர்கள்; பின்னால் சம்பள ரசீது கேட்டால் வேலையே போகும். "என் எதிர்பார்ப்பு இந்தப் பதவியின் பொறுப்பைப் பொறுத்தது" என்று வரம்பைச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தில் கட்டாயக் கட்டமாக இருந்தால் உண்மைத் தொகையோடு, அது எத்தனை மணிநேர வேலைக்கு, என்னென்ன படிகள் சேராமல் என்பதையும் எழுதுங்கள்.

இன்டர்வியூவில் கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

அந்தக் கேள்வி வேலைக்குத் தேவையில்லாதது. பல நாடுகளில் கேட்பதே பாகுபாட்டுக்கு ஆதாரம். ஆனால் வேலை வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும்போது சட்டம் பேசுவது எல்லோராலும் முடியாது. கேள்விக்குப் பின்னால் உள்ள கவலைக்கு மட்டும் பதில் சொல்லலாம்: "ஷிஃப்ட் நேரம், வெளியூர்ப் பயணம் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், விளம்பரத்தில் சொன்ன நேரத்துக்கு நான் தயார்." வெளியே வந்ததும் கேட்டவர் பெயர், பதவி, தேதி, கேட்ட வார்த்தைகள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். வேலை மறுக்கப்பட்டு, தகுதி குறைந்த ஆணுக்குப் போனது தெரியவந்தால் அந்தக் குறிப்புக்கு எடை உண்டு.

குழந்தை பிறந்த பிறகுதான் சம்பளம் பின்தங்குகிறது என்பது உண்மையா?

பெரும்பகுதி உண்மை. டென்மார்க்கின் முழு மக்கள்தொகைத் தரவை வைத்துச் செய்த ஆய்வில், முதல் குழந்தைக்கு முன்வரை ஆண், பெண் வருமானம் ஒரே போக்கில் போகிறது. பிறந்ததும் பெண்ணின் வருமானம் சரிந்து, நீண்டகாலத்தில் ஆணைவிட சுமார் 20 சதவீதம் கீழே நின்றுவிடுகிறது. தந்தையின் கோட்டில் மாற்றமே தெரிவதில்லை. 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதன் காரணத்தை வேலையின் அமைப்பில் தேடுகிறார். எந்த நேரமும் அழைத்தால் வருகிறவருக்கு மணிக்கணக்கை மீறிய பரிசு தரும் வேலைகளில் இடைவெளி பெரிதாகிறது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிகிற வேலைகளில் சுருங்குகிறது. அமெரிக்க மருந்தாளுநர் தொழில் அவர் காட்டும் உதாரணம்.

ஆனால் எல்லாமே வேலை நேரத்தால் வருவதில்லை. 2007-இல் ஷெல்லி கரெல் குழு நடத்திய சோதனையில், தகுதி சமமாக உள்ள பயோடேட்டாக்களில் தாய் என்று தெரிந்த பெண்ணுக்கு, குழந்தையில்லாத பெண்ணைவிட ஆண்டுக்கு 11,000 டாலர் குறைவான தொடக்கச் சம்பளத்தைப் பரிந்துரைத்தார்கள். தந்தை என்று தெரிந்த ஆணுக்கு எந்தக் குறைவும் இல்லை.

பேறுகால விடுப்பில் போவதற்கு முன் நான்கு விஷயங்களை மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: திரும்பி வரும்போது பதவியும் கிரேடும் இதுவே என்பது, விடுப்புக் காலத்தில் வரும் பொது ஊதிய உயர்வு உங்களுக்கும் உண்டு என்பது, அந்த ஆண்டு அப்ரைசல் வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்துப் போடப்படும் என்பது, உங்கள் வாடிக்கையாளர்களும் திட்டங்களும் யாரிடம் ஒப்படைக்கப்படுகின்றன, எப்போது திரும்ப வரும் என்பது. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பதவி அதே பெயரில் இருக்கும், உள்ளே வேலை இருக்காது. அடுத்த ஆண்டு "சாதனை இல்லை" என்று மதிப்பெண் குறையும். ஆறு மாத விடுப்புக்கு முழு ஆண்டு இலக்கை வைத்து மதிப்பிட்டிருந்தால் அதை எழுத்தில் மறுத்துப் பேசுங்கள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்குவது பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1981-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது: முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை முடியும் என்ற ஏர் இந்தியா விதியை நர்கேஷ் மீர்சா வழக்கில் ரத்து செய்தது.

எனக்குக் குறைவாகத் தருகிறார்கள் என்று சந்தேகம். எப்படி உறுதி செய்வது?

முதலில் ஒப்பிட வேண்டியவரைத் தேர்ந்தெடுங்கள். பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். "உதவியாளர்" என்று ஒருவருக்கும் "ஒருங்கிணைப்பாளர்" என்று இன்னொருவருக்கும் பெயர் வைத்துவிட்டு ஒரே வேலையை வாங்குவது சர்வசாதாரணம். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இரண்டு வாரம் நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கமும் அவர் செய்தவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். எது பொது, எது வேறு, வேறாக இருப்பது வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று குறியுங்கள். மாதத்தில் ஒருநாள் செய்யும் வேலையைக் காட்டி "அவருக்குக் கூடுதல் பொறுப்பு" என்பது நிர்வாகத்தின் வழக்கமான பதில். மணிக்கணக்கு இருந்தால் அது நிற்காது.

பிறகு சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள்: அடிப்படை, ஒவ்வொரு படியும், ஓவர்டைம், போனஸ், காப்பீடு, வாகனம். அடிப்படைச் சம்பளம் சமமாக இருந்து மற்றவற்றில் வித்தியாசம் ஒளிந்திருப்பதே அதிகம்.

தகவல் எங்கே கிடைக்கும்? சகஊழியரிடம் நேரடியாகக் கேட்கலாம். "நீ எவ்வளவு வாங்குகிறாய்?" என்பதைவிட, "நான் இவ்வளவு வாங்குகிறேன், இது சரியா என்று பார்க்கிறேன்" என்று தொடங்கினால் பெரும்பாலானோர் சொல்லிவிடுவார்கள். தொழிற்சங்கத்திடமும், அதே பதவிக்கு நிறுவனம் வெளியிட்ட வேலை விளம்பரங்களிலும் விவரம் இருக்கும். செய்யக் கூடாத ஒன்று உண்டு: உங்களுக்கு அனுமதியில்லாத கணினிக் கோப்பைத் திறந்து மற்றவர்களின் சம்பளத்தை எடுக்காதீர்கள். வழக்கு உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்க வழி கொடுத்துவிடும்.

எவ்வளவு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்?

சந்தேகம் வந்த அன்றே உங்கள் நாட்டின் கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் அது மாதக்கணக்கில்தான். அமெரிக்காவில் ஆலபாமா மாநில டயர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டர் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தார். கடைசியில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286, அதிகம் வாங்கியவருக்கு 5,236. யாரோ பெயர் போடாமல் எழுதி வைத்த துண்டுச்சீட்டால்தான் அவருக்கு இது தெரியவந்தது. 2007-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வழக்கைத் தள்ளியது; சம்பளம் தீர்மானித்த 180 நாளுக்குள் வந்திருக்க வேண்டுமாம். தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் செய்வது? அந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. இப்போது அங்கே ஒவ்வொரு குறைந்த சம்பளமும் கெடுவைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. உள்விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக வெளிக்கெடு நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

நிர்வாகம் சொல்லும் காரணங்களில் எது செல்லும், எது செல்லாது?

பணிமூப்பு, இரவு ஷிஃப்ட், அளவிடக்கூடிய உற்பத்தி, வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படும் கூடுதல் தகுதி ஆகியவை செல்லும். ஆனால் அதே அளவுகோல் எல்லோருக்கும் வைக்கப்பட்டிருக்க வேண்டும். இரவு ஷிஃப்டுக்குக் கூடுதல் படி சரி; இரவு ஷிஃப்டே பெண்களுக்குத் தரமாட்டோம் என்றால் அந்தப் படி பாகுபாடாகிவிடுகிறது.

"அவர் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்" என்பது ஏற்கத்தக்க காரணமில்லை. "கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது" என்பதும் செல்லாது. இந்தியாவில் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கு எதிராக ஆட்ரி டிகோஸ்டா தொடுத்த வழக்கில் (1987), பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்ததற்கு, அவர்கள் தனிப்பிரிவு என்றும் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டாயிற்று என்றும் பணவசதி இல்லை என்றும் சொல்லப்பட்டது. உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை.

"அவரிடம் தனித்திறமை இருக்கிறது" என்று சொன்னால், அது என்ன திறமை, வேலையில் எங்கே தேவைப்படுகிறது என்று கேளுங்கள். பிபிசி தொகுப்பாளர் சமீரா அகமதுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுண்டு; ஒத்த நிகழ்ச்சி நடத்திய ஆண் தொகுப்பாளருக்கு 3,000. அந்த ஆணுக்குக் கண்ணில் ஒரு குறும்பு மின்ன வேண்டியிருந்தது என்பது பிபிசியின் வாதங்களில் ஒன்று. நகைச்சுவை எழுத்துப்பிரதியிலேயே இருந்தது, திரையில் ஓடியதைப் படித்தார், கண்ணை உருட்டு என்று எழுதியிருந்தால் உருட்டினார், இதற்குத் தனித்திறமை வேண்டியதில்லை என்று 2020 ஜனவரியில் தீர்ப்பாயம் சமீராவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

புகாரை எப்படி எழுதுவது?

முதல் கடிதத்தில் குற்றம் சாட்ட வேண்டாம், காரணம் கேளுங்கள். "நானும் இந்தக் கிரேடில் உள்ள ஆண் ஊழியர்களும் செய்யும் வேலை ஒரே தன்மையது. எங்கள் அடிப்படைச் சம்பளத்திலும் படிகளிலும் உள்ள வித்தியாசத்துக்கான காரணத்தையும், சம்பளம் நிர்ணயிக்கும் அளவுகோலையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். பதில் தர 14 நாள் கொடுங்கள். அவர்கள் எழுத்தில் தரும் காரணம் பின்னால் மாறினால், அந்த முரண்பாடே உங்களுக்குப் பெரிய ஆதாரம்.

பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ முறையான புகார். அதில் யார், எப்போது, எவ்வளவு, என்ன வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். வேண்டியதைத் தெளிவாக எழுதுங்கள்: இந்தத் தேதியிலிருந்து சம்பளத் திருத்தம், நிலுவைத் தொகை, கிரேடு மாற்றம். நேரில் பேசினால், அன்றே "இன்று நாம் பேசியது" என்று சுருக்கமாக மின்னஞ்சல் போடுங்கள். சம்பள ரசீதுகள், நியமன உத்தரவு, அப்ரைசல் கடிதங்கள் எல்லாம் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலை ஒரே நொடியில் முடக்கிவிடலாம். முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். தனியாளை "சண்டைக்காரி" என்று ஒதுக்குவது எளிது.

புகார் கொடுத்த பிறகு பழிவாங்கினால்?

அது தனிக் குற்றம். பல நாடுகளில், முதல் புகார் தோற்றாலும் பழிவாங்கலுக்காகத் தனியாக ஜெயிக்க முடியும். அதற்கு வேண்டியது காலவரிசை: புகாருக்கு முந்தைய அப்ரைசல் எப்படி, பிந்தையது எப்படி, எந்தத் தேதியில் இடமாற்றம், எந்தக் கூட்டத்திலிருந்து பெயர் நீங்கியது. புகார் கொடுக்கும் நாளில், அதுவரை வந்த பாராட்டு மின்னஞ்சல்களையும் மதிப்பெண்களையும் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். மனமுடைந்து ராஜினாமா எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரையோ சங்கத்தையோ பாருங்கள். தானாகப் போனதாக ஆகிவிட்டால் கிடைக்க வேண்டியது பாதியாகிவிடும்.

அப்ரைசலில் "கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறார்" என்று எழுதுகிறார்கள். இதைப் பாகுபாடு என்று சொல்லலாமா?

அதே குணத்தை ஆணுக்கு "தலைமைப் பண்பு" என்று எழுதியிருந்தால், சொல்லலாம். அமெரிக்காவில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்த ஆன் ஹாப்கின்ஸ் பெரிய ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தும் அவருக்குப் பங்குதாரர் பதவி தரவில்லை; பெண்மையாக நடக்க வேண்டும், ஒப்பனை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுரை சொன்னார்கள். பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து முடிவெடுப்பதும் பாகுபாடே என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. "எந்த நாளில், எந்த வேலையில், அதனால் என்ன பாதிப்பு?" என்று எழுத்தில் கேளுங்கள்.

பீஸ் ரேட் வேலையில் (செய்து முடித்த எண்ணிக்கைக்குக் கூலி) பாகுபாடு வர வாய்ப்பில்லையே?

ரேட் ஒன்றாக இருந்தாலும் வரும். ஓடாத பழைய இயந்திரம் யாருக்கு, சுலபமாகக் கழியும் ஆர்டர் யாருக்கு, இயந்திரம் நின்ற நேரத்துக்குக் கூலி உண்டா, நூலும் பொருளும் எடுத்துவரும் நேரம் யார் கணக்கில் என்று பாருங்கள். ஒரு வாரம் மணிவாரியாகக் குறித்தாலே புலப்படும்.

நாங்கள் நிர்வாகத் தரப்பு. எங்கள் சம்பளப் பட்டியலை எப்படிச் சோதிப்பது?

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வைத்து, பாலினம், சேர்ந்த தேதி, சேர்ந்தபோது கொடுத்த சம்பளம், கிரேடு, வேலை நேரம், அடிப்படை, ஒவ்வொரு படி, போனஸ், கடைசிப் பதவி உயர்வு தேதி, எடுத்த நீண்ட விடுப்பு, மதிப்பெண் ஆகியவற்றை நிரப்புங்கள். எல்லாவற்றையும் மணிநேரக் கணக்குக்கு மாற்றுங்கள். பதவிப் பெயரை விட்டுவிட்டு, மேலே சொன்ன நான்கு அளவுகோலால் சம மதிப்புள்ள குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் அடிப்படைக்குத் தனியாக, மொத்தத்துக்குத் தனியாக இடைவெளி பாருங்கள். ஐரோப்பிய உத்தரவு 5 சதவீதத்தை எல்லையாக வைக்கிறது: நியாயமான காரணமில்லாமல் அந்த அளவு இருந்து, ஆறு மாதத்தில் சரியாகவில்லை என்றால் ஊழியர் பிரதிநிதிகளோடு சேர்ந்து ஆய்வு செய்தாக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான குழுவில் சராசரி ஏமாற்றும், ஆளாளாகப் பாருங்கள்.

விடுப்பில் இருப்பவர்களையும் ஒப்பந்த ஊழியர்களையும் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பாகுபாடு அதிகம் இருப்பது அங்கேதான். ஆண்களின் சம்பளத்தைக் குறைத்துச் சமன் செய்யவும் கூடாது. ஒருமுறை சரிசெய்தால் முடிந்தது என்றும் இல்லை. அமெரிக்க மென்பொருள் நிறுவனம் சேல்ஸ்ஃபோர்ஸ் 2015-இல் சுமார் 30 லட்சம் டாலர் செலவழித்துச் சமன் செய்தது. அடுத்த சுற்றிலும் ஏறக்குறைய அதே தொகை தேவைப்பட்டது, ஏனென்றால் புதிதாக வாங்கிய நிறுவனங்களின் சம்பள முறையும் கூடவே வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் பர்மிங்காம் மாநகராட்சி இருக்கிறது. குப்பை அள்ளும் ஆண்களுக்குக் கிடைத்த போனஸ், சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை. பத்தாண்டுக்கு மேல் நிலுவை சேர்ந்து, 2023-இல் செலவுக்குப் பணமில்லை என்று மாநகராட்சி அறிவித்தபோது அதன் மதிப்பீட்டில் சம ஊதியக் கோரிக்கைகள் மட்டும் 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை.

ஆள் எடுப்பதைக் கணினியிடம் விட்டால் பாகுபாடு போய்விடுமா?

பழைய முடிவுகளைப் பார்த்துத்தான் கணினி கற்றுக்கொள்கிறது. அமேசான் பத்தாண்டு விண்ணப்பங்களை வைத்து உருவாக்கிய மென்பொருள், "பெண்கள்" என்ற சொல் வரும் பயோடேட்டாக்களுக்கு மதிப்பெண் குறைத்ததாக 2018-இல் செய்தி வந்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தேர்வானவர்களின் ஆண், பெண் விகிதத்தை ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிப் பாருங்கள்.

சமரசத் தொகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

அன்றே போடாதீர்கள், படிக்க நாள் கேளுங்கள். தொகை நிலுவைச் சம்பளமா, இழப்பீடா என்று பாருங்கள். வரியும் ஓய்வூதியக் கணக்கும் அதைப் பொறுத்து மாறும். இனிவரும் மாதச் சம்பளமும் கிரேடும் திருத்தப்படுகிறதா, இல்லை பழையதைத் தீர்த்துவிட்டு அடுத்த மாதம் அதே குறைந்த சம்பளம்தானா என்பதைக் கட்டாயம் பாருங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி, எதிர்காலத்தில் நடக்கப்போவதையும் சேர்க்கிறதா என்று கவனியுங்கள். சம்பளத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அது உங்கள் நாட்டில் செல்லுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பல இடங்களில் செல்லாது. பணம் வரும் தேதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், தவறினால் வட்டி எவ்வளவு என்பதும்.